போட்டா மட்டும் போதுமா? எடுக்கவும் தெரியணும்!

நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைக் கவனித்திருக்கிறீர்களா? "மச்சி, என்மேப் எப்படிடா போடுறது?" என்று ஒருத்தன் கேட்டால் பத்து நிமிஷத்தில் நாலு பேர் கமாண்ட் அனுப்பிவிடுவார்கள். "போட்டதை எப்படி எடுக்கிறது?" என்று கேட்டால் குரூப்பே அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருத்தர் "ஓஎஸ்ஸையே மாத்திரு மச்சி" என்பார். அதுக்கு மூணு சிரிப்பு எமோஜி விழும். அதோடு பேச்சு முடிந்தது.

நான் மூன்று வருஷமாக லினக்ஸ் கிளப்பில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் ஜூனியர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அக்கா, இது இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது" என்று வருபவர்கள் சுலபம். அரைமணி நேரத்தில் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். "அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன், அதுக்கப்புறம் எதுவுமே வேலை செய்யல" என்று வருபவர்கள்தான் ராத்திரி வரைக்கும் உட்கார வைப்பார்கள். அப்படி வரும் கேஸ்களில் அதிகம் நெட்வொர்க் செக்யூரிட்டி டூல்கள்தான். ஏன் இவை மட்டும் இப்படி?

ஒரு வீடியோ பிளேயரைப் போடுகிறீர்கள். அது சில ஃபைல்களைக் கொண்டுவந்து வைக்கும். எடுத்தால் அந்த ஃபைல்கள் போய்விடும். செக்யூரிட்டி டூல் அப்படி இல்லை. நெட்வொர்க் கார்டு வழியாகப் போகும் பாக்கெட்டை அது பார்க்கணும். அதுக்குச் சாதாரண யூசரிடம் இல்லாத அதிகாரம் வேணும். சில டூல்கள் பின்னணியில் எப்போதும் ஓடணும். அதுக்கு ஒரு சர்வீஸ் வேணும், பல நேரம் தனியாக ஒரு யூசர் கணக்கும் வேணும். ஃபயர்வால் என்றால் விதிகளைக் கெர்னலுக்குள்ளேயே எழுதணும். வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கும், சுவரை உடைத்து ஜன்னல் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஆணியைப் பிடுங்கினால் சின்ன ஓட்டை. ஜன்னலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால், சுவரில் அந்தத் திறப்பு அப்படியே இருக்கும். யார் வேணும்னாலும் உள்ளே வரலாம்.

வயர்ஷார்க் கேட்கும் கேள்வி

வயர்ஷார்க்கையே எடுத்துக்கொள்வோம். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-ல் ஈத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள் இது. 2006-ல்தான் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது. நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்ட் எழுதிய எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். உபுண்டுவில் இதைப் போடும்போது பாதியில் ஒரு திரை வந்து கேள்வி கேட்கும்: ரூட் அல்லாத யூசர்களும் பாக்கெட் பிடிக்கலாமா? முன்கூட்டியே தேர்வாகி நிற்கும் பதில் "நோ".

நிறைய பேர் இதைப் படிக்காமலே என்டர் தட்டுவார்கள். அப்புறம் வயர்ஷார்க்கைத் திறந்தால் பாக்கெட் பிடிக்க முடியாது. உடனே சூடோ சேர்த்து வயர்ஷார்க்கையே ரூட்டாக ஓட்டுவார்கள். இதை வேண்டாம் என்று வயர்ஷார்க் குழுவே சொல்கிறது. ஆயிரக்கணக்கான புரோட்டோகால்களைப் பிரித்துப் படிக்கும் கோடு அதற்குள் இருக்கிறது. யார் அனுப்பியது என்றே தெரியாத பாக்கெட்டை அந்தக் கோடு படிக்கிறது. அதில் எங்காவது ஒரு பக் இருந்து, யாராவது அதைக் குறிவைத்து ஒரு பாக்கெட் அனுப்பினால், அவர்கள் கையில் கிடைப்பது ரூட் அதிகாரம்.

"எஸ்" கொடுத்தால் ஏற்பாடு வேறு மாதிரி. பாக்கெட் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும் டம்ப்கேப் என்ற சின்ன புரோகிராமுக்கு, நெட்வொர்க்கைத் தொடுவதற்கான அதிகாரம் மட்டும் தனியாகக் கொடுக்கப்படும். அந்த புரோகிராமை ஓட்ட, ரூட்டைத் தவிர, வயர்ஷார்க் என்ற குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. குரூப்பில் உங்கள் பெயரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் சூடோ இல்லாமலே பிடிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்போது உங்கள் சிஸ்டத்தில் மாறியிருப்பது என்னென்ன? சில பேக்கேஜ்கள், ஒரு குரூப், அதில் உங்கள் பெயர், ஒரு சிறப்பு அதிகாரம். எடுக்கும்போது இந்த நாலையும் நினைவில் வைக்கணும்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லேப் சிஸ்டங்களைச் சரிபார்க்கும் வேலைக்குக் கிளப்பிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். "வயர்ஷார்க்கெல்லாம் போன செமஸ்டரே எடுத்தாச்சும்மா" என்றார் லேப் அண்ணா. ஹிஸ்டரியில் பார்த்தால் உண்மையிலேயே வயர்ஷார்க்கை ரிமூவ் செய்த வரி இருந்தது. ஆனால் டெர்மினலில் வயர்ஷார்க் என்று அடித்தால் ஜம்மென்று திறந்தது! விஷயம் என்னவென்றால், அந்த மெஷின்களில் இருந்த உபுண்டுவில் வயர்ஷார்க் என்ற பேக்கேஜ் ஒரு பெயர்ப் பலகை மாதிரி இருந்தது. நாம் பார்க்கும் ஜன்னல் வேறொரு பேக்கேஜில், டம்ப்கேப் இன்னொரு பேக்கேஜில். பலகையை மட்டும் கழற்றியிருக்கிறார்கள். கடை திறந்தேதான் இருக்கிறது. கூடவே வந்த பேக்கேஜ்களை எடுக்க ஆட்டோரிமூவ் என்ற இரண்டாவது கமாண்ட் கொடுத்திருக்கணும்.

அதைவிடப் பெரிய விஷயம், எல்லா மாணவர்களும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு இன்னும் வயர்ஷார்க் குரூப்பிலேயே இருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த மெஷினில் பாக்கெட் பிடிக்கலாம். அந்தக் கணக்கின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் பழைய லேப் பயிற்சிகளில் பிடித்த கேப்சர் ஃபைல்களும் கிடந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தோம். ஹெச்டிடிபிஎஸ் இல்லாத உள் பக்கம் ஒன்றில் யாரோ லாகின் செய்தபோது போன யூசர்நேமும் பாஸ்வேர்டும் அச்சடித்த மாதிரி தெரிந்தது. மேடத்திடம் சொல்லி, பாஸ்வேர்டை மாற்ற வைத்து, ஃபைல்களை அழித்து, குரூப்பிலிருந்து கணக்கை நீக்கினோம். எந்த ரிமூவ் கமாண்டும் இந்த ஃபைல்களைத் தொட்டிருக்காது. ஏன் தெரியுமா? அவை பேக்கேஜோடு வந்தவை இல்லை, மனிதர்கள் உருவாக்கியவை.

ரிமூவ் வேறு, பர்ஜ் வேறு

ஆப்ட் ரிமூவ் என்று கொடுத்தால் புரோகிராம் போகும். ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் அதன் கான்ஃபிக் ஃபைல்கள் போகாது. இது குறை இல்லை, வேண்டுமென்றே வைத்த வசதி. என் தோழி ஒருத்தி புராஜெக்டுக்காக ஸ்நார்ட் போட்டாள். மார்ட்டின் ரோஷ் 1998-ல் எழுதிய இன்ட்ரூஷன் டிடெக்ஷன் டூல் அது. இரண்டு வாரம் உட்கார்ந்து அவளே விதிகள் எழுதினாள். நடுவில் என்னவோ சிக்கல் வர, ரிமூவ் கொடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அவள் எழுதிய விதிகள் அப்படியே இருந்தன. அவசரத்தில் பர்ஜ் என்று கொடுத்திருந்தால் ஈடிசிக்குள் இருந்த அந்த ஃபைலும் சேர்ந்தே போயிருக்கும்.

ஆகவே திரும்ப வேணும் என்றால் ரிமூவ். இனிமேல் வேண்டவே வேண்டாம், அல்லது மெஷின் வேறொருத்தர் கைக்குப் போகிறது என்றால் பர்ஜ். இதில் எது நடந்திருக்கிறது என்று பார்க்க டிபிகேஜியின் பட்டியல் உதவும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். ஐஐ என்றால் நல்லபடியாக இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. ஆர்சி என்றால் புரோகிராம் போய்விட்டது, கான்ஃபிக் மட்டும் மிச்சம். முன்னால் யார் என்னவெல்லாம் போட்டு எடுத்தார்கள் என்று அந்த ஆர்சி வரிகளே சொல்லிவிடும்.

பர்ஜ் கொடுத்தாலும் எல்லாம் போகாது. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபைல்களை அது தொடாது. சில டூல்கள் உருவாக்கிய யூசர், குரூப் கணக்குகள் அப்படியே தங்கிவிடும். ஸ்நாப் வழியாகப் போட்டதென்றால் கதை வேறு: எடுக்கும்போது உங்கள் டேட்டாவை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டுத்தான் எடுக்கும். டிஸ்கில் இடம் திரும்பி வரவில்லையே என்று தலையைச் சொறிவதற்கு அது ஒரு காரணம்.

காலி

இப்போது என்னை மிகவும் யோசிக்க வைத்த கேஸுக்கு வருகிறேன். மூன்றாம் வருஷத் தம்பி ஒருவன், சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. டெஸ்க்டாப் இல்லை, லாகின் கேட்கும் ஒற்றை வரி மட்டும். திங்கட்கிழமை காலையில் புராஜெக்ட் ரிவ்யூ. "அக்கா, அம்மா குழுவுல லோன் எடுத்து வாங்கிக் கொடுத்த லேப்டாப்க்கா. கடன் இன்னும் முடியல. வீட்ல சொல்லவே முடியாது" என்றான். பேச்சு தழுதழுத்தது.

என்ன செய்தான் என்று துண்டு துண்டாகச் சொன்னான். உபுண்டுவில் ஹேக்கிங் டூல்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுவிடலாம் என்று ஒரு வீடியோ. அதில் கொடுத்த ஸ்கிரிப்ட், காலி லினக்ஸின் ரெப்போவை உபுண்டுவில் சேர்த்துவிடும். அப்புறம் "எல்லாம்" என்ற எண்ணைத் தட்டியிருக்கிறான். டிஸ்க் நிரம்பியது, அப்டேட் செய்தால் எரர் வந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் எடுக்கப் பார்த்திருக்கிறான். பைத்தானில் பிரச்சினை என்று ஒரு எரர் சொன்னதால், பைத்தான்3 என்று எழுதி நட்சத்திரக் குறி போட்டு பர்ஜ் கொடுத்திருக்கிறான். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது, கீழே எஸ்ஸா நோவா என்று கேட்டது. எஸ்.

உபுண்டுவின் டெஸ்க்டாப்பில் பல பகுதிகள் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன. ஒரு பேக்கேஜை எடுக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் ஆப்ட் சேர்த்தே எடுக்கும். அது ஏமாற்றவில்லை, என்னென்ன போகப்போகிறது என்று அந்த நீளப் பட்டியலில் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஜூனியர், "பேருக்கேத்த மாதிரி லேப்டாப்பே காலி" என்றான். அந்த நேரத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டோம், தம்பியும்தான்.

முதலில் அவனுக்குச் சொன்னது: "உன் புராஜெக்ட் எங்கயும் போகல." ஆப்ட் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. உபுண்டு லைவ் பென் டிரைவில் பூட் செய்து, அவன் கோடு, டேட்டாசெட், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம். அதைப் பார்த்த பிறகுதான் அவன் கேன்டீன் டீயை வாயில் வைத்தான்.

அப்புறம் துப்பறியும் வேலை. வார் ஃபோல்டருக்குள் லாக், அதுக்குள் ஆப்ட், அதுக்குள் ஹிஸ்டரி லாக் என்று ஒரு ஃபைல். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த கமாண்டால் எதெல்லாம் வந்தது, எதெல்லாம் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். எடுத்தவற்றை வரிசையாகத் திரும்பப் போட்டால் டெஸ்க்டாப் வந்துவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்தக் காலி ரெப்போ இருந்த நாட்களில் இன்னொன்றும் நடந்திருந்தது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா புரோகிராமும் சார்ந்திருக்கும் சி லைப்ரரியே காலியின் புதிய வெர்ஷனுக்கு மாறியிருந்தது.

ஏன் மாறியது? இரண்டு ரெப்போவிலும் ஒரே பெயரில் பேக்கேஜ் இருந்தால், வேறு எதுவும் சொல்லாதபோது ஆப்ட் பெரிய வெர்ஷன் எண்ணைத்தான் எடுக்கும். காலி, டெபியனின் டெஸ்டிங் கிளையை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும் ரோலிங் வெளியீடு. அதன் எண்கள் பெரும்பாலும் பெரிசாகவே இருக்கும். ரெப்போ வரியை நீக்கினால் இனிமேல் அங்கிருந்து எதுவும் வராது, சரி. ஆனால் ஏற்கெனவே வந்தது திரும்பிப் போகாது. ஆப்ட் தானாக வெர்ஷனைக் கீழே இறக்காது. 1000-க்கு மேல் முன்னுரிமை எண் கொடுத்துக் கட்டாயப்படுத்தலாம்; ஆனால் அப்படி இறக்குவதற்கு டெபியனில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அதுவும் சி லைப்ரரி மாதிரி அடித்தளத்தில், திங்கட்கிழமை ரிவ்யூவை வைத்துக்கொண்டு? ஹோம் ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது என்பதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, புதிதாக உபுண்டு போட்டோம். "ஓஎஸ்ஸையே மாத்திரு" என்று குரூப்பில் சொல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: ஏன் மாற்றுகிறோம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்து ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் ஓடும்போது கேட்டேன், "ஆமா தம்பி, உனக்கு எந்த டூல்தான் வேணும்?"

"என்மேப் மட்டும்தாங்க்கா. எங்க ரூம் ரவுட்டர்ல எந்தப் போர்ட் திறந்திருக்குன்னு பார்க்கணும்னு நெனச்சேன்."

என்மேப் உபுண்டுவின் சொந்த ரெப்போவிலேயே இருக்கிறது. ஒரு கமாண்ட். எடுக்கவும் ஒரு கமாண்ட்.

காலியைக் குறை சொல்லவில்லை. 2013 மார்ச்சில் வெளிவந்ததிலிருந்து அது தனியாக ஓடுவதற்கென்றே தயாரிக்கப்படும் சிஸ்டம். மற்ற ரெப்போக்களை அதில் கலக்காதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். ஒரு ரெப்போவைச் சேர்ப்பது என்றால் ஒரு டூலைப் போடுவது இல்லை. இனி உங்கள் சிஸ்டத்தில் ரூட் அதிகாரத்தோடு எதை வேணும்னாலும் கொண்டுவந்து வைக்கலாம் என்று ஒருவருக்குச் சாவி கொடுப்பது.

அந்தச் சாவியின் விலை 2024 மார்ச் 29-ல் எல்லாருக்கும் புரிந்தது. எக்ஸ்இசட் என்ற கம்ப்ரெஷன் டூலின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டம் போட்டுப் பின்வாசல் வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர் அன்று வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் லாகின் ஏறக்குறைய அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப்போய்க் கண்டுபிடித்தது அது. டெபியனின் ஸ்டேபிள் வெளியீட்டுக்கு அந்த வெர்ஷன் போய்ச் சேரவே இல்லை. ரோலிங் என்பதால் காலிக்குப் போய்விட்டது; மார்ச் 26-லிருந்து 29 வரை அப்டேட் செய்தவர்கள் உடனே சரிசெய்யுங்கள் என்று காலி குழு அறிவித்தது. எப்போதோ ஒரு டூலுக்காகச் சேர்த்து, மறந்தே போன ரெப்போ வரி ஒன்று உபுண்டுவில் கிடந்திருந்தால், அந்த நாலு நாளில் அதன் வழியாகவும் அது வந்திருக்கலாம். எனவே டூலை எடுத்தால் அதன் ரெப்போ வரியையும், அதை நம்புவதற்காகச் சேர்த்த கீயையும் சேர்த்து எடுங்கள். ஈடிசிக்குள் ஆப்ட் ஃபோல்டரில் சோர்சஸ் பட்டியலும் கீ ஃபோல்டர்களும் இருக்கும்.

எதை முதலில் எடுப்பது?

வரிசையும் முக்கியம். வயர்லெஸ் பாடத்துக்காக ஏர்கிராக் போட்டு, சொந்த ரவுட்டரில் பயிற்சி செய்பவர்கள் வைஃபை கார்டை மானிட்டர் மோடுக்கு மாற்றுவார்கள். அதற்கு முன்னால் இடைஞ்சல் செய்யும் புரோகிராம்களை நிறுத்தச் சொல்லி ஒரு கமாண்ட் உண்டு. அது நெட்வொர்க் மேனேஜரையே நிறுத்திவிடும். என் கிளாஸ்மேட் ஒருத்தன் பயிற்சியை முடித்ததும் நல்ல பிள்ளையாக முதலில் ஏர்கிராக்கை பர்ஜ் செய்தான். வைஃபை திரும்ப வரவில்லை. கார்டு இன்னும் மானிட்டர் மோடிலேயே இருக்கிறது, அதைத் திருப்பும் கமாண்ட் பேக்கேஜோடு போய்விட்டது, திரும்ப டவுன்லோட் செய்ய நெட் இல்லை! மாடிக்கு ஏறிய பிறகு ஏணியைத் தள்ளிவிட்ட கதைதான். ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது என்பதால் அன்று பிழைத்தான்.

ஃபயர்வால் விதிகளும் இப்படித்தான். ஐபிடேபிள்ஸ் என்பது விதி எழுதும் பேனா மட்டுமே. எழுதிய விதிகள் இருப்பது கெர்னலில். பேனாவைத் தூக்கிப்போட்டால் எழுத்து அழியாது. ரீஸ்டார்ட் செய்தால் போகும்; ஆனால் பூட் ஆகும்போது விதிகளைத் திரும்ப ஏற்றும்படி எங்காவது சேமித்து வைத்திருந்தால் அதுவும் நடக்காது. எனவே முதலில் டூல் செய்த மாற்றத்தைத் திருப்புங்கள், அடுத்து சர்வீஸை நிறுத்துங்கள், கடைசியில் பேக்கேஜை எடுங்கள்.

சோர்ஸ் கோடை இறக்கி மேக் இன்ஸ்டால் கொடுத்துப் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் போட்டது ஆப்டுக்குத் தெரியவே தெரியாது. அது யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்மேப் மாதிரி சில டூல்களில் மேக் அன்இன்ஸ்டால் வேலை செய்யும், ஆனால் அதுக்குப் பழைய சோர்ஸ் ஃபோல்டர் கையில் இருக்கணும். ஆப்ட் வழியாகவும் சோர்ஸ் வழியாகவும் ஒரே டூலைப் போட்டிருந்தால், ஒன்றை எடுத்தும் இன்னொன்று ஓடும். டைப் மைனஸ் ஏ என்று கொடுத்து டூலின் பெயரை அடியுங்கள். எங்கெங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். முழுசாக எடுத்த பிறகும் பாஷ் பழைய இடத்தையே தேடி "அப்படி ஃபைல் இல்லை" என்றால் பயப்பட வேண்டாம், பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஹாஷ் மைனஸ் ஆர் கொடுத்தால் மறந்துவிடும்.

பைத்தானில் எழுதிய டூல்கள் இன்னொரு வகை. டெபியன் 12-லிருந்து, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் வழியாக நேரடியாகப் போட விடாது. மீறிப் போட ஒரு ஆப்ஷன் உண்டு. அதன் பெயரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்". பெயரிலேயே எச்சரிக்கை வைத்த பிறகும் அதை காப்பி பேஸ்ட் செய்தால் என்ன சொல்ல? ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதுக்குள் போடுங்கள். வேண்டாம் என்றால் ஃபோல்டரை டெலீட் செய்தால் போதும்.

போடுவதற்கு முன்னால்

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு டூலைப் போடும் முன் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது என் சிஸ்டத்தின் சொந்த ரெப்போவில் இருக்கிறதா? இது என்ன அதிகாரம் கேட்கிறது? வேண்டாம் என்றால் எதையெல்லாம் திருப்பணும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத டூல் என் லேப்டாப்புக்குள் வராது. விர்ச்சுவல் மெஷினுக்குள் போகும். அங்கே முதலில் ஒரு ஸ்னாப்ஷாட், அப்புறம் என்ன ஆட்டம் வேணும்னாலும் ஆடலாம். பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கிளிக். முழு காலி லினக்ஸ் வேணும் என்றாலும் விர்ச்சுவல் மெஷினில் தனியாகப் போடுங்கள், உபுண்டுவோடு கலக்காதீர்கள்.

எடுக்கும்போது ஒரு பழக்கம் போதும்: முதலில் மைனஸ் எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். ஆப்ட் எதையும் தொடாமல், என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். ஒரே ஒரு டூலை எடுக்கச் சொன்னால் நாற்பது பெயர் வருகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். பட்டியலில் டெஸ்க்டாப், நெட்வொர்க் மேனேஜர் மாதிரி பெயர் தெரிந்தால் எஸ் பக்கம் விரலே போகக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. டூலை எடுத்துவிட்டால் அதை வைத்துச் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43ஆவது பிரிவு தடுக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்" என்பது பதில் ஆகாது. ஸ்கேன் செய்து பழகத்தான் வேணும் என்றால் என்மேப் குழுவே "ஸ்கேன்மீ" என்று ஒரு சர்வரை வைத்திருக்கிறது. அளவோடு ஸ்கேன் செய்து பார்க்க அனுமதி உண்டு. இல்லையென்றால் நீங்களே இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றை ஸ்கேன் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையை மூடியதும் ஒரு காரியம் செய்யுங்கள். டெர்மினலைத் திறந்து டிபிகேஜி பட்டியலில் ஆர்சி வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பெயரையும் பார்த்து, இதை எதுக்குப் போட்டோம் என்று யோசியுங்கள். அடுத்து குரூப்ஸ் என்று அடித்து, உங்கள் பெயர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக ஆப்ட் சோர்சஸ் பட்டியலில் உங்களுக்கு அடையாளம் தெரியாத வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மொத்தம் கால்மணி நேரம் ஆகும். அப்படி ஒரு வரி கிடைத்தால் உடனே அழிக்க வேண்டாம். முதலில் ஹோம் ஃபோல்டரை ஒரு நகல் எடுங்கள். அப்புறம் ஹிஸ்டரி லாகைத் திறந்து, அது எந்த நாளில் எதுக்காக வந்தது என்று படியுங்கள்.